ஒன்லி என்கிற ‘தான்’

ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்பது மிகச் சாதாரணமான ஒரு வினையடை. நான்கே எழுத்து. தொடக்கப் பள்ளியிலேயே அறிமுகமாகிவிடும். பொருள் என்ன என்று கேட்டால் ‘மட்டும்’ என்று எந்தப் பிள்ளையும் தயங்காமல் சொல்லும். ஆனால் பேச்சில் அந்தச் சொல் வாக்கியத்தின் எந்த இடத்தில் போய் உட்காருகிறது, அங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறது என்று கவனித்தால், அகராதி சொன்ன ‘மட்டும்’ பாதி உண்மைதான் என்பது தெரியும்.

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர் வாலாஜாபாத். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்காட்டு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. அவர் பெயரில் இன்னோர் ஊரும் உண்டு: ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை. அதற்குப் பக்கத்தில் வாலாஜா ரோடு ரயில் நிலையம். 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் போய்ச் சேர்ந்தது அங்கேதான். இத்தனை வாலாஜாக்கள் இருக்கையில் குழப்பம் வராமல் இருக்குமா? வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னதும், “வாலாஜாபேட்டையா?” என்று மறுகேள்வி வரும். “இல்லீங்க, வாலாஜாபாத்துதான்” என்பது பதில். அதே உரையாடல் பெங்களூரு அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தில் நடந்தால், பதில் “நோ நோ, வாலாஜாபாத் ஒன்லி” என்று ஆகிவிடும்.

கேட்பவர் இந்தியர் என்றால் பேச்சு தடையில்லாமல் நகரும். இங்கிலாந்துக்காரர் என்றால் ஒரு கணம் விழிப்பார். ‘வாலாஜாபாத் மட்டும்’ என்றால் என்ன? மற்ற ஊர்களுக்கு என்ன ஆயிற்று? எதையும் விலக்கும் எண்ணம் சொன்னவருக்கு இல்லை. ‘நான் சொன்னது சரியான பெயர்தான், சந்தேகம் வேண்டாம்’ என்று உறுதிப்படுத்துவதே அவர் நோக்கம். ‘ஒன்லி’யின் இந்திய வாழ்க்கை முழுவதும் இந்தச் சின்ன இடைவெளிக்குள் நடக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிக்’ என்றால் போன்ற. இரண்டும் சேர்ந்த ‘ஆன்லிக்’ தேய்ந்து ‘ஒன்லி’ ஆனது. ஒன்றாக இருப்பது, வேறு துணை இல்லாதது என்பது வேர்ப்பொருள். (தமிழ் ‘ஒன்று’ம் ஆங்கில ‘ஒன்’னும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல், உறவு கொண்டாட இடமில்லை.) முதலில் பெயரடையாக வந்த சொல் இது. ‘ஒன்லி சைல்ட்’ என்றால் ஒரே பிள்ளை என்பதில் அந்தப் பழைய வேலை இன்னும் தொடர்கிறது. வினையடையாக மாறியபோது, பல பொருள்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றவற்றை விலக்குவது அதன் தொழிலாயிற்று. அதிலிருந்தே ‘இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை’ என்று குறைத்துக் காட்டும் பொருளும் கிளைத்தது. ‘ஒன்லி டூ ருப்பீஸ்’ என்றால் வெறும் இரண்டு ரூபாய்.

விலக்கும் சொல் என்பதால், எதை விலக்குகிறது என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை ஒரு நெசவாளர் சிவப்புச் சேலை ஒன்றை விற்றார் என்று வைத்துக்கொள்ளலாம்: ‘த வீவர் சோல்ட் த ரெட் சாரி ஆன் ஃப்ரைடே.’ தொடக்கத்தில் ‘ஒன்லி த வீவர்’ என்று வைத்தால், விற்றவர் நெசவாளர் மட்டுமே, வியாபாரி விற்கவில்லை. ‘ஒன்லி த ரெட் சாரி’ என்றால் சிவப்பு மட்டும் போயிற்று, பச்சையும் நீலமும் தங்கிவிட்டன. ‘ஒன்லி ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைதான் விற்றது, அதற்கு முன் விற்கவில்லை; அல்லது வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் விற்கவில்லை. ‘த’வுக்கும் ‘ரெட்’டுக்கும் நடுவே நுழைத்து ‘த ஒன்லி ரெட் சாரி’ என்று சொன்னால் சொல் மறுபடி பெயரடையாகிவிடும்: இருந்த ஒரே சிவப்புச் சேலையையும் விற்றுவிட்டார். ஒரு சொல் இரண்டு அங்குலம் நகர்ந்தால் கதையே மாறிவிடுகிறது.

வினைக்கு முன்னால் வைத்து ‘த வீவர் ஒன்லி சோல்ட்...’ என்று சொல்லும்போதுதான் சண்டை தொடங்குகிறது. கண்டிப்பான பொருள்: விற்க மட்டும் செய்தார், நெய்தவர் வேறொருவர். ஆனால் ஆங்கிலேயர் பேச்சில் ‘ஒன்லி’ வழக்கமாக வினைக்கு முன்னால்தான் வந்து நிற்கும். குரலை ‘ரெட்’டில் ஏற்றினால் சிவப்பைக் குறிக்கும், ‘ஃப்ரைடே’யில் ஏற்றினால் கிழமையைக் குறிக்கும். எழுத்தில் குரல் இல்லையே என்பது இலக்கணக்காரர் கவலை. 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட ராபர்ட் லோத் என்னும் பாதிரியார், எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதற்குப் பக்கத்தில் ‘ஒன்லி’யை வைக்கவேண்டும் என்று கண்டித்தார். அது பள்ளிக்கூட விதியாகி ஒன்றரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1926இல் தம் பயன்பாட்டு அகராதியை வெளியிட்ட எச். டபிள்யூ. ஃபவ்லர், பொருள் குழம்பாத இடத்தில் இயல்பான பேச்சு வரிசையைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை என்று அந்த விதிக்காரர்களைச் சாடினார். பெரும்பாலான நல்ல ஆங்கில எழுத்து இன்று ஃபவ்லர் பக்கம் சாய்ந்திருக்கிறது. சட்ட ஆவணங்கள் லோத் பக்கம்.

தமிழுக்கு இந்தத் தகராறே கிடையாது. ‘தான்’ எதை அழுத்துகிறதோ அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். நெசவாளர்தான் விற்றார். சிவப்புச் சேலையைத்தான் விற்றார். வெள்ளிக்கிழமைதான் விற்றார். வினையை அழுத்த வேண்டுமானால் மட்டும் தமிழ் கொஞ்சம் சுற்றி வரும்: ‘விற்கத்தான் செய்தார்’. அப்படிச் சொன்னதும் ‘ஆனால்...’ என்று ஒரு தொடர்ச்சியைக் காது எதிர்பார்க்கத் தொடங்குவது தனி வேடிக்கை. குரலை ஏற்றி இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒட்டிய இடமே பொருளைச் சொல்லிவிடும்.

‘தான்’ தொடக்கத்தில் தற்சுட்டுப் பெயர். ‘அவன் தான் உண்ட தட்டைத் தானே கழுவினான்’ என்பதில் வருவது. அதுவே ஒட்டுச்சொல்லாகி அழுத்தம் தருவதாக மாறியது. பவணந்தியின் நன்னூல் இதை அசைமொழிகளின் வரிசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டு இலக்கணம், ஹெரால்டு ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டுப் பேச்சுத் தமிழ் இலக்கணம் போன்ற பிற்கால நூல்கள்தான் இதற்கு உரிய மரியாதையைத் தந்தன. ‘மட்டும்’ வேறு குடும்பம். ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அவன் வரும்மட்டும்’ என்றால் ‘அவன் வரும்வரை’ என்று பொருள். எல்லை என்ற பழம்பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. வடமொழி வழி வந்த ‘மாத்திரம்’ இலங்கைத் தமிழிலும் தமிழ் விவிலியத்திலும் பழகிய சொல்.

‘தான்’, ‘மட்டும்’ இரண்டும் ஒன்றல்ல. ‘ரெண்டு பேர் மட்டும் வந்தாங்க’ என்பது செய்தி. ‘ரெண்டு பேர்தான் வந்தாங்க’ என்பதில் குறை ஒலிக்கிறது; பத்துப் பேரை எதிர்பார்த்துச் சோறு வடித்த வீட்டின் பேச்சு அது. இரண்டையும் அடுக்கி ‘மட்டும்தான்’ என்று சொல்வதும் உண்டு, அடித்துச் சொல்வதற்கு.

இங்கே தொல்காப்பியத்தின் உதவி எதிர்பாராத வகையில் கிடைக்கிறது. ‘ஏ’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றில் இரண்டு இந்தக் கதைக்கு வேண்டியவை. பிரிநிலை என்பது ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரிப்பது. தேற்றம் என்பது உறுதி, தெளிவு. ‘இவர்களில் அவளே படித்தவள்’ என்றால் பிரிநிலை. ‘உண்மையே’ என்றால் தேற்றம். பிற்காலத்தில் ‘ஏ’யின் இந்த இரண்டு வேலைகளையும் ‘தான்’ பெருமளவு ஏற்றுக்கொண்டது. ஆங்கில ‘ஒன்லி’க்கு இருப்பதோ பிரிநிலை மட்டும். தேற்றத்தை ஆங்கிலம் வேறு வழிகளில் சொல்லும்: குரலை உயர்த்தும், ‘இட் வாஸ் ஹீ ஹூ...’ என்று வாக்கியத்தையே பிளந்து கட்டும். ‘ஜஸ்ட்’, ‘ரைட்’, ‘ரியலி’ என்று வேறு சொற்களை அழைக்கும்.

‘ஒன்லி’ என்றால் ‘தான்’ என்று ஒரு தடவை மனத்தில் பதிந்துவிட்டால், ‘தான்’ செய்யும் எல்லா வேலையையும் ‘ஒன்லி’யிடம் கொடுப்பது இயல்பு. பிரிநிலை வேலையை அது பழக்கத்தால் செய்துவிடும். தேற்ற வேலைதான் அதற்குப் புதுசு. இந்திய ஆங்கிலத்தின் ‘ஒன்லி’ என்பது, தேற்றப்பொருளையும் தோளில் ஏற்றிக்கொண்ட ‘ஒன்லி’. பிழை என்று சிவப்பு மை அடிப்பதைவிட, இந்தப் பழைய இரண்டு சொற்கள் நிலைமையைத் தெளிவாக விளக்கிவிடுகின்றன.

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவு ஊர்கள் வரும். இந்தப் பகுதியின் பட்டுக்கடைப் பேச்சில் தேற்ற ‘ஒன்லி’ நாளெல்லாம் புழங்கும். வெளிமாநில வாடிக்கையாளர் ஜரிகையை விரலால் நிமிண்டிப் பார்த்து, “இஸ் இட் ப்யூர்?” என்று கேட்பார். “ப்யூர் ஒன்லி மேடம்” என்பது பதில். ‘சுத்தமானதுதாம்மா’ என்பதை அப்படியே வார்த்தது. பிரிநிலையாகக் கேட்டால் ‘சுத்தம் மட்டும், வேறெதுவும் இல்லை’ என்று விபரீதமாக ஒலிக்கும். உடலையும் கரையையும் தனித்தனி நாடா கொண்டு நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையைக் காட்டி, “திஸ் இஸ் கோர்வை ஒன்லி” என்பார் கடைக்காரர். கோர்வை என்பதில் சந்தேகம் வேண்டாம் என்பதே அதன் பொருள். விலை சொல்லும்போது “டுவெல்வ் தௌசண்ட் ஒன்லி” என்பார். இந்தக் கடைசி ‘ஒன்லி’ மட்டும் லண்டனிலும் செல்லுபடியாகும். குறைத்துக் காட்டும் பொருள் அங்கேயும் உண்டு. பன்னிரண்டாயிரம் குறைவா என்பது வேறு பேச்சு.

காலச் சொற்களோடு சேரும்போது ‘ஒன்லி’ இன்னும் வசதியாகிவிடும். ‘இப்பதான் வந்தேன்’ என்பது ‘நவ் ஒன்லி ஐ கேம்’ ஆகும். ஆங்கிலேயர் இதற்கு ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’ என்பார். ‘ஒன்லி’யை விட மனமில்லாவிட்டால் ‘ஐ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் கம்’ என்று இரண்டையும் சேர்ப்பார். ‘நேத்துதான் சொன்னாங்க’ என்பது ‘யெஸ்டர்டே ஒன்லி தே டோல்ட்’. இது முழுதும் அந்நியம் என்று சொல்ல முடியாது. ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்று முன்பின்னாக மாற்றினால் நல்ல ஆங்கிலம். ‘மழை அஞ்சு மணிக்குத்தான் வந்தது’ என்பதில், அதுவரை வரவில்லை என்ற ஏக்கமோ நிம்மதியோ ஒளிந்திருக்கிறது. ஆங்கிலம் அந்த இடத்தில் ‘ஒன்லி அட் ஃபைவ்’ என்றும் சொல்லும், ‘நாட் டில் ஃபைவ்’ என்றும் சொல்லும்.

ஆள்களோடு சேரும்போதுதான் சிக்கல் முற்றும். ‘அவர்தான் சொன்னார்’ என்பதை ‘ஹீ ஒன்லி டோல்ட் மீ’ என்று சொன்னால், ஆங்கிலக் காது ‘அவர் எனக்கு மட்டும் சொன்னார்’ என்றோ ‘சொல்ல மட்டும் செய்தார்’ என்றோ எடுத்துக்கொள்ளும். சொன்னவர் யார் என்று சுட்டுவதே நோக்கம். ‘இட் வாஸ் ஹீ ஹூ டோல்ட் மீ’ என்பது ஆங்கிலம் விரும்பும் கட்டு. அலுவலகத்தில் ஒரு தவறுக்கு யார் பொறுப்பு என்ற விசாரணை நடக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். ‘மேனேஜர் ஒன்லி சைன்ட் இட்’ என்று எழுதினால், எழுதியவருக்கு அது மேலாளரின் தலையில் வைத்த குற்றச்சாட்டு. படிக்கும் வெளிநாட்டாருக்கோ, மேலாளர் கையெழுத்து மட்டும் போட்டார், வேறொன்றும் செய்யவில்லை என்று அவரைக் காப்பாற்றும் வாக்கியம்.

தொலைபேசியில் ‘நான்தான் பேசறேன்’ என்பது ‘ஐ ஒன்லி ஸ்பீக்கிங்’ ஆவதும், ‘இங்கதான் இருக்கேன்’ என்பது ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ ஆவதும், ‘அதான்’ என்பது ‘தட் ஒன்லி’ ஆவதும் அன்றாடக் காட்சிகள். ‘வந்தாத்தான் தருவேன்’ என்பது ‘இஃப் யூ கம் ஒன்லி ஐ வில் கிவ்’. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ முன்னால் போய், பின்னால் வினையின் வரிசையும் புரளும்: ‘ஒன்லி இஃப் யூ கம் வில் ஐ கிவ் இட்’. ‘அப்பதான் புரிஞ்சது’ என்பதற்கும் இதே புரட்டல்: ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’. காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும் தொடரோடு ‘ஒன்லி’யைத் தலைமாட்டில் வைத்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் குதிக்கவேண்டும் என்ற இந்த விதி, தமிழ் வழியில் சிந்திப்பவருக்கு எளிதில் கைவருவதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தனியாக உரு போட்டுத்தான் இதைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

‘தான்’ ‘ஒன்லி’யாகும்போது ‘ஏ’ என்ன ஆகிறது? அதற்கும் ஓர் ஆங்கிலச் சொல் வாய்த்திருக்கிறது: ‘இட்செல்ஃப்’. ‘இன்னைக்கே வாங்க’ என்பது ‘கம் டுடே இட்செல்ஃப்’. ‘இங்கேயே உக்காருங்க’ என்பது ‘சிட் ஹியர் இட்செல்ஃப்’. ‘இன்னைக்குத்தான்’ என்பதோ ‘டுடே ஒன்லி’. தமிழில் ‘ஏ’யும் ‘தான்’னும் பிரித்துக்கொண்ட வேலையை ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் பிரித்துக்கொண்டு, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று அவ்வளவாக நுழைவதில்லை. பிழை என்றால் தாறுமாறாக இருக்கவேண்டும். இதில் இருப்பது ஒழுங்கு.

இந்த ஒழுங்கு தமிழருக்கு மட்டும் சொந்தமில்லை. மலையாளத்தில் ‘தன்னே’, தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஏ’, இந்தியில் ‘ஹீ’, மராத்தியில் ‘ச்’. எல்லாம் அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் வருபவை. பிரிநிலையும் தேற்றமும் கலந்தவை. திராவிட, இந்திய-ஆரியக் குடும்பங்கள் வேறு வேறாக இருந்தாலும் இந்த விஷயத்தில் பங்காளிகள். வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில் ஒரகடத்து மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளியும் உள்ளூர் மேற்பார்வையாளரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது, ‘ஹியர் ஒன்லி’ என்றால் ‘யஹீன்’ என்று ஒருவருக்கும் ‘இங்கதான்’ என்று மற்றவருக்கும் புரிந்துவிடுகிறது. அந்த உரையாடலில் நடுவில் சிக்கினால் திணறப்போவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான்.

மொழியியலார் இதைக் கவனித்து நாளாயிற்று. 1979இல் வெளிவந்த நிஹலானி, டாங், ஹொசாலி ஆகியோரின் கையேடு, இந்திய ஆங்கிலமும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் வேறுபடும் இடங்களைத் தொகுத்துக் காட்டியது. ராகேஷ் பட் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தியரின் ‘ஒன்லி’ விதிக்கு உட்பட்ட ஓர் அழுத்தக் குறி என்று வாதிட்டது. கிளாடியா லாங்கே 2007இல் ‘ஒன்லி’யையும் ‘இட்செல்ஃப்’பையும் சேர்த்தே ஆராய்ந்தார். வகுப்பறையில் ஆசிரியர் அடித்துவிடுவது, ஆய்வேட்டில் இலக்கணமாகப் பதிவாகிறது. அதே 2007இல் ராமா பிஜாபூர்கர் இந்திய நுகர்வோரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘வீ ஆர் லைக் தட் ஒன்லி’ என்று பெயர் வைத்தார். ‘நாங்க அப்படித்தான்’ என்று எந்தத் தமிழரும் அதை ஒரே மூச்சில் மொழிபெயர்த்துவிடுவார். கேலியும் செல்லமும் சேர்ந்த அந்தத் தொனி உட்பட.

வேறு ஊர்களில் வேறு வினையடைகள் இப்படி மாட்டிக்கொண்டதுண்டு. சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ வாக்கியத்தின் கடைசியில் வந்து, ஒரு வேலை முடிந்துவிட்டது அல்லது நிலைமை மாறிவிட்டது என்று காட்டும். சாப்பிட்டாச்சு என்பதை ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பார்கள். சீன மொழிகளில் வினைமுடிவைக் காட்டும் ஒட்டுதான் அந்த உடையில் வருகிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தமிழருக்கு அது சீக்கிரம் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ‘ஆச்சு’ என்று தமிழும் கடைசியில்தான் சொல்கிறது.

வேறுபாடுகளையே பேசிக்கொண்டிருந்தால் இரு மொழிகளும் கைகோக்கும் இடங்கள் விட்டுப்போகும். ஆங்கிலத்தில் ‘இஃப் ஒன்லி’ என்று ஒரு தொடர் உண்டு. நடக்காமல் போன ஒன்றை நினைத்து ஏங்குவது. ‘இஃப் ஒன்லி ஹீ ஹேட் கம்!’ இதைத் தமிழில் சொல்ல வேறு சொல் தேட வேண்டாம்: ‘அவன் மட்டும் வந்திருந்தா!’ பிரித்து விலக்கும் சொல், இரண்டு மொழியிலும் தனித்தனியாக ஏக்கத்தைச் சுமக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ‘அன்னிக்கு மழை மட்டும் வராம இருந்திருந்தா பாவு நனைஞ்சிருக்காது’ என்று சொல்லும்போது, மழையை எதிலிருந்தும் பிரிக்கவில்லை. அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்ற ஆற்றாமைதான் ‘மட்டும்’. ‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’ என்பதும் ‘மட்டுமல்லாமல்... உம்’ என்று பிசிறில்லாமல் பொருந்தும். ஆங்கிலப் பேச்சில் ‘ஒன்லி’ சில நேரம் ‘ஆனால்’ என்ற பொருளிலும் வரும்: சேலை அருமை, ‘ஒன்லி’ விலை அதிகம். தமிழில் அதே பேரத்தை ‘தான்’ நடத்தும்: ‘நல்லாத்தான் இருக்கு, என்ன, விலைதான் ஜாஸ்தி.’

பேச்சு ஒரு பக்கம் இருக்க, காகிதத்தில் ‘ஒன்லி’ அசையாத ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காசோலையில் தொகையை எழுத்தில் எழுதி முடித்ததும் ‘ஒன்லி’ என்று போடுவது வழக்கம். தமிழில் எழுதினால் ‘மட்டும்’. பத்திரங்களிலும் ரசீதுகளிலும் ‘எழுத்தால் ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்’ என்று வரும். இதன் வேலை தொகையைக் குறைத்துக் காட்டுவது அல்ல, கதவைச் சாத்துவது. ‘ஐம்பதாயிரம்’ என்று எழுதி இடம் விட்டால், பின்னால் ‘ஐந்நூறு’ என்று யாரும் கோத்துவிடலாம். எண்ணுக்குப் பக்கத்தில் போடும் சாய்கோடும் சிறுகோடும் அதே காவலைத்தான் பார்க்கின்றன. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவில், எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்தில் இருப்பதே தொகை என்கிறது. அதனால்தான் எழுத்து வரிக்கு இத்தனை பாதுகாப்பு. காசோலையின் மூலையில் இரண்டு கோடு கிழித்து ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்று எழுதுவதும் பிரிநிலைதான்: பணம் குறிப்பிட்டவரின் கணக்கில் சேரவேண்டும், வேறு கையில் போகக்கூடாது.

கவனிக்கவேண்டியது, இந்தக் காகித ‘ஒன்லி’ எல்லாம் சொல்லுக்குப் பின்னால் வருகிறது. அறிவிப்புப் பலகைகளிலும் அப்படியே. ‘மெம்பர்ஸ் ஒன்லி’, ‘ஸ்டாஃப் ஒன்லி’, ‘லேடீஸ் ஒன்லி’. அறிவிப்பு நடையில் ஆங்கிலேயரே பின்னால் வைத்து எழுதுவது பழக்கம். தமிழ்ப் பலகை ‘மகளிர் மட்டும்’ என்கிறது. 1994இலும் 2017இலும் இரண்டு திரைப்படங்களுக்கு அதுவே பெயராயிற்று. பலகை ஆங்கிலமும் தமிழும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ‘ஹியர் ஒன்லி’யில் உறுத்தல் எங்கிருந்து வரும்? சொல் முன்னால் நின்ற விளம்பரமும் ஒன்று உண்டு: எண்பதுகளில் ஜவுளி உலகத்தையே நிறைத்த ‘ஒன்லி விமல்’.

கடைசியாக, ‘ஒன்லி’ ஆங்கில வாக்கியத்தை விட்டு இறங்கித் தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டது. “பார்சல் ஒன்லி” என்று ஹோட்டலில் எழுதி ஒட்டியிருக்கும். “ஒன்லி கேஷ்தான், கார்டு கிடையாது” என்பார் கல்லாவில் இருப்பவர். இங்கே ‘ஒன்லி’ முன்னால் போய் ஆங்கில இடத்தில் நிற்க, ‘தான்’ பின்னால் தமிழ் இடத்தில் நிற்கிறது. ஒரே வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆள். ‘ஒன்லி’ தமிழுக்குள் வந்த பிறகு ‘தான்’னின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை, ‘தான்’ இல்லாமல் வெறுமனே ‘ஒன்லி கேஷ்’ என்று பேச்சில் சொன்னால் வாக்கியம் முடியாமல் தொங்குவதுபோல் இருக்கும். பலகையில் ‘கேஷ் ஒன்லி’ போதும். வாயால் சொல்லும்போது ‘தான்’ வேண்டும்.